குழாய்க்குப் பூச்சு எதுவரை?



நாம் வெட்டும் இறப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் காய்ந்ததும் காற்றை மறிக்கும் மெல்லிய தோல் நிற்கும். வெடிப்பு விட்ட குழாய்களுக்குப் பூசும் இறப்பர் சொலூசன், சிலிக்கன் பசை போன்ற பொலிமர் பூச்சுகளின் வேலையும் இதுதான்.

பிள்ளைகளின் பந்துக்குக் காற்றடிக்கும் குழாய் கசிந்தால் தூக்கி எறிய வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. கழுவி நன்றாகக் காயவிட்டு, அரத்தாளால் இலேசாக உரசி, மெல்லியதாகப் பூசுங்கள். அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. தடிப்பாக அப்பினால் மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். சுப்பர் குளூ வேண்டாம். அது காய்ந்தால் விறைத்து, குழாயை வளைத்ததும் வெடிக்கும்.

ஆனால் முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியின் குழாய்க்கு இந்த வைத்தியம் ஆகாது. உள்ளே இருக்கும் அமுக்கம் வெளியே பூசியதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மருந்தில் கலந்துள்ள கரைப்பான்கள் இறப்பரையும் பசையையும் இளகச் செய்யும். பூச்சு ஒருநாள் திடீரென்று கழன்றால் வெளியே பாய்வது காற்றல்ல, நஞ்சு. அது முதுகிலும் கையிலும் ஊறும், கண்ணிலும் தெறிக்கும். வெயிலில் வெடித்த குழாய் ஓரிடத்தில் கசிந்தால் மற்ற இடங்களும் பழுதாகி வருகின்றன என்றே அர்த்தம்.

கேஸ் அடுப்புக் குழாயும் அப்படித்தான். கசிவைப் பார்க்க நெருப்புக்குச்சி உரசாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரே போதும். குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டுப் புதுக் குழாய் மாற்றுங்கள்.

"ஒட்டிக்கிட்டு இன்னைக்கு மட்டும் அடிங்க" என்று யாராவது சொன்னால், டாங்கியை இறக்கி வையுங்கள். புதுக் குழாய் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. நம் சம்பளத்தில் பிடிக்க விடக் கூடாது. தனியாக வாதாடவும் வேண்டாம். டாங்கி இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதி, தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். காயம் பட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டித் துண்டு வாங்குங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் காயத்தை நிரூபிப்பது கடினம்.

காற்றுக் குழாயை நாமே ஒட்டிக்கொள்வோம். நஞ்சுக் குழாயை மாற்றித் தரச் சொல்வோம். வரும் மாதர் சங்கக் கூட்டத்துக்கு மருந்தடிக்கும் எல்லோரும் தங்கள் டாங்கியின் நிலையை எழுதிக் கொண்டு வாருங்கள். ஒரே மனுவாகக் கொடுப்போம்.