பழைய கார் வாங்கும்போது விலை பேசுவது எப்படி?

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறையை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். முதலில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பிறகு சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தரகர் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைத் தொட்டு விலை சொல்வார். பார்ப்பதற்கு ஆகும் நேரம் பெரிது. பேசுவதற்கு ஆகும் நேரம் சிறிது. சிங்கப்பூரில் பழைய கார் வாங்கச் செல்லும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியின் பளபளப்பைப் பார்த்த உடனே, "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். கையில் கணக்கு இல்லாமல் கேட்கும் அந்தக் கேள்விக்கு விற்பவர் எந்தப் பதிலையும் சொல்லலாம்.

இன்று காத்தோங்கில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசுவோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். தாயாரைச் சிலோன் சாலையிலுள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்துக்கும், மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். புதுக் கார் வாங்க வசதி போதாது. பழைய கார்க் கடைகள் நிறைந்த ஊபி வட்டாரமோ வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. அவர்கள் அங்கே செல்வதற்கு முன் வீட்டிலேயே போடவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

சிங்கப்பூரில் கார் வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்? இரும்பையும் சக்கரத்தையும் மட்டுமன்று; ஆண்டுகளை வாங்குகிறார். வாகன ஒதுக்கீட்டு முறை 1990 மே மாதம் நடப்புக்கு வந்தது. அன்று முதல், சிஓஇ என்று நாம் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் இல்லாமல் காரைப் பதிவு செய்ய முடியாது. அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் விலையை ஏலம் முடிவு செய்கிறது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்கு இறங்கியது. அதே பிரிவு 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. புதிய சான்றிதழின் விலை ஏறினால் பழைய காரின் விலையும் ஏறும். இறங்கினால் இதுவும் இறங்கும். ஏலம் வழக்கமாக மாதம் இருமுறை நடக்கிறது. ஆகவே கடைக்குச் செல்லுமுன் கடைசி நான்கைந்து ஏல முடிவுகளைப் பார்த்துக்கொள்வது, பேரத்தின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், மீதமிருக்கும் ஆண்டுகளைக் கொண்டு விலையை வகுப்பது. பத்து ஆண்டு நிறைவதற்குள் காரின் பதிவை ரத்து செய்தால், பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். இதைப் பார்ஃப் கழிவு என்பர். நம் எடுத்துக்காட்டில் வரும் கார்கள் பதிவான காலத்து விதிப்படி, ஐந்து ஆண்டு வரையிலான வண்டிக்கு 75 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடாகக் குறைந்து, பத்தாம் ஆண்டில் 50 விழுக்காடு.

இப்போது இரண்டு கார்களைப் பார்ப்போம். இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொள்ளும் எண்கள். இரண்டுக்கும் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000 வெள்ளி. ஆகவே பத்தாம் ஆண்டு முடிவில் இரண்டுக்கும் திரும்பக் கிடைப்பது 10,000 வெள்ளி. முதல் காருக்கு நான்கு ஆண்டுகள் மீதமுள்ளன. கேட்கும் விலை 70,000. இரண்டாவது காருக்கு ஆறு ஆண்டுகள் மீதமுள்ளன. கேட்கும் விலை 88,000. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கார் 18,000 வெள்ளி மலிவு. திரும்பக் கிடைக்கும் 10,000 வெள்ளியைக் கழித்து, மீதத்தை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். முதல் காருக்கு ஆண்டுக்கு 15,000 வெள்ளி ஆகிறது. இரண்டாவது காருக்கு ஆண்டுக்கு 13,000 வெள்ளிதான் ஆகிறது. மலிவாகத் தெரிந்தது உண்மையில் விலை அதிகம்!

இந்தக் கணக்கு நமக்குப் பேரம் பேசும் எண்ணையும் தருகிறது. முதல் காரும் ஆண்டுக்கு 13,000 வெள்ளிக்கு வரவேண்டுமானால், நான்கு ஆண்டுக்கு 52,000. அதனுடன் 10,000 சேர்த்தால் 62,000. இதுதான் நாம் சொல்ல வேண்டிய விலை. "கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று கெஞ்சுவதற்கும், "இதே தரத்து வண்டி ஆண்டுக்கு 13,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது, உங்கள் வண்டிக்கு 62,000 தருகிறோம்" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

விற்பவர் எதுவரை இறங்குவார் என்பதையும் ஓரளவு அறியலாம். இன்றே பதிவை ரத்து செய்தால் அரசாங்கத்திடமிருந்து என்ன கிடைக்குமோ, அதைக் கார் வணிகர்கள் 'பேப்பர் வேல்யூ' என்பார்கள். நம் முதல் காரின் சான்றிதழ் 40,000 வெள்ளிக்கு எடுக்கப்பட்டது என்று கொள்வோம். நான்கு ஆண்டுக்கு உரிய பங்கு 16,000. ஆறு ஆண்டு நிறையும் தறுவாயில் பார்ஃப் கழிவு 70 விழுக்காடு, அதாவது 14,000. இரண்டும் சேர்த்து 30,000 வெள்ளி. இதற்குக் கீழே யாரும் விற்கமாட்டார்கள். இதற்கும் கேட்கும் விலைக்கும் இடைப்பட்டதுதான் பேரத்தின் களம். இந்த விவரங்களை உரிமையாளர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கத்தில் எடுத்துக்காட்ட முடியும். எத்தனை கை மாறிய வண்டி என்பதையும் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் நாமும் தயங்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்ஃப் விதி எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல. 2023 பிப்ரவரியில் இந்தக் கழிவுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன் பதிவானவற்றுக்கு அது இல்லை. விதிகள் திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே நாம் பார்க்கும் வண்டிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பத்து ஆண்டு கடந்து, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட கார்களுக்குப் பார்ஃப் கழிவே கிடையாது. அவற்றுக்குச் சாலை வரியும் கூடுதல். ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, ஐம்பது விழுக்காடு வரை மிகைவரி சேரும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மீண்டும் புதுப்பிக்கவும் இயலாது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகே அது மலிவா என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது பல்லைப் பிடித்துப் பார்க்கும் வேலை. பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லா இயந்திரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே விற்பவருக்குத் தொடர்பில்லாத இடத்தில் வண்டியைச் சோதிக்க வேண்டும். ஊபிக்கு அருகே காக்கி புக்கிட்டில் விக்காம் சோதனை நிலையம் இருக்கிறது. சோதனைக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அந்த அறிக்கை பேரத்தில் நமக்குத் துணை நிற்கும். தேய்ந்த டயர், கசியும் எண்ணெய், பழுதான குளிர்சாதனம் என்று குறை தெரிந்தால், பழுதுபார்க்க ஆகும் செலவை ஒரு பட்டறையில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம். சோதனைக்கு வண்டியைத் தர மறுத்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி விலை பேசும் நேரத்துக்கு வருவோம். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்வி வரும். அதற்கு உடனே பதில் சொல்லாதீர்கள். மாதத் தவணையைப் பேசத் தொடங்கினால் மொத்த விலை மறைந்துபோகும். முதலில் மொத்த விலையை முடியுங்கள். கடனைத் தனியாகப் பேசுங்கள். 3 விழுக்காடு வட்டி என்பது கேட்பதற்கு இனிமையானது. 40,000 வெள்ளியை நான்கு ஆண்டுக்கு அந்த முறையில் வாங்கினால் வட்டி 4,800 வெள்ளி. ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு அசலுக்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டி விகிதம் ஐந்தரை விழுக்காட்டுக்கும் மேல். விற்பவர் ஏற்பாடு செய்யும் கடனை, நம் வங்கி தரும் கடனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்திடலாகாது. 2016இல் வகுக்கப்பட்ட விதிப்படி, திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மிகாத காருக்கு, விலையில் 70 விழுக்காடு வரையே கடன் கிடைக்கும்; அதற்கு மேற்பட்ட மதிப்புடைய காருக்கு 60 விழுக்காடு. மீதத்தைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாய்ப்பேச்சில் முடிந்தது எல்லாம் தாளில் ஏற வேண்டும். முன்பணம் கொடுக்கும்போது, சோதனையில் பெரிய குறை தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ பணம் திரும்பத் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். 'லெமன்' சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. கடைக்காரரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், வாங்கும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் வாங்கும்போதே நமக்குச் சொல்லப்பட்ட குறைக்கும், வழக்கமான தேய்மானத்துக்கும் இது பொருந்தாது. தனியாளிடம் நேராக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை சற்றுக் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். வணிகரோடு தகராறு எழுந்தால் 1971 முதல் இயங்கிவரும் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம்.

நிறைவாக ஒன்று. பேரத்தில் மிகப் பெரிய பலம், வேண்டாம் என்று எழுந்து வரும் துணிவு. காத்தோங் வாசிகளுக்கு அந்தத் துணிவு முன்னைவிட இப்போது எளிது. பல்லாண்டுகளாகப் பேருந்தையே நம்பியிருந்த அந்த வட்டாரத்துக்கு, 2024 ஜூன் 23ஆம் நாள் பெருவிரைவு ரயில் வந்தது. தஞ்சோங் காத்தோங், மரீன் பரேட் நிலையங்கள் அன்று திறக்கப்பட்டன. ஆண்டுக்கு 13,000 வெள்ளி என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,080 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், வண்டி நிறுத்தும் கட்டணம் இவையெல்லாம் தனி. தாயாரை வாரம் இருமுறை டாக்சியில் அழைத்துச் செல்ல அந்த அளவு ஆகுமா என்று குடும்பத்தார் கூடிக் கணக்கிட வேண்டும். கார் தேவைதான் என்று முடிவானால், மனம் நிறைந்து வாங்கலாம். தேவையில்லை என்று தெரிந்தால், அதுவே அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த நல்ல விலை.

எப்படியிருந்தாலும், ஒரு துண்டுத் தாளில் உங்கள் எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடைக்குள் செல்லுங்கள். பேச்சு அந்த எண்ணைத் தாண்டினால், நன்றி கூறி விடைபெறுங்கள். பழைய கார்கள் நாளைக்கும் விற்பனைக்கு வரும். கைவிட்டுப் போன சேமிப்பைத் திரும்பச் சேர்ப்பதற்கோ பல ஆண்டுகள் ஆகும்.