மாதுரி ஏரி

அருணாசலப் பிரதேசத்தில் தவாங் தாண்டி, திபெத் எல்லைக்குச் சற்று முன்னால் சங்கேத்சர் என்று ஓர் ஏரி. வண்டிக்காரரிடம் 'மாதுரி ஏரி' என்றாலே போதும். 1997இல் வந்த 'கோய்லா' இந்திப் படத்துக்காக மாதுரி தீட்சித் அங்கே ஆடினார், பெயர் ஒட்டிக்கொண்டது. சினிமாவின் செல்வாக்கு நமக்குத் தெரியாததா!

ஆனால் ஏரி பிறந்த கதைதான் பெரிது. நிலநடுக்கத்தில் உண்டான ஏரி அது. அன்று மூழ்கிய மரங்கள் பட்டுப்போய், இன்னமும் தண்ணீருக்கு மேலே மொட்டைமொட்டையாக நிற்கின்றன.

போகிற வழியில் சுமார் 13,700 அடி உயரத்தில் சேலா கணவாய். 2024இல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். அவசரமில்லாதவர்கள் கணவாய் மேலேயே போங்கள். அங்கும் ஓர் ஏரி உண்டு. வெளிமாநிலத்தவருக்கு நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம். எல்லைப் பக்கம் போகத் தனி அனுமதியும் வேண்டும்.