படகுக்குள் கொஞ்சம் கடல்

மாசிச் சம்பல் சாப்பிட்டிருப்பீர்கள். மரக்கட்டை போல இறுகிக் கிடக்கும் ஒரு துண்டை உரலில் இடித்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கிளறினால் தெரு முழுக்க மணக்கும். அந்த மாசி, சூரை மீன். வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயப்போட்டது. மாலத்தீவிலும் அதற்கு வடக்கே நம் லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

அந்தச் சூரையை அவர்கள் வலையில் வாரி எடுப்பதில்லை. கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். தூண்டிலில் இரை கிடையாது. எதிர்முள்ளும் கிடையாது. பிறகு சூரை ஏன் படகருகே வருகிறது? விரல் நீளச் சின்ன மீன்களை உயிரோடு கடலில் வீசுகிறார்கள். அவை துள்ளி ஓட, சூரைக் கூட்டம் வெறிகொண்டு மேலே வருகிறது. அந்த வெறியில் பளபளக்கும் வெறும் முள்ளையும் கவ்விவிடுகிறது. செத்த மீனை வீசினால் இந்த வேலை நடக்காது. ஆகவே அந்தத் தொழில் முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது. விடியலுக்கு முன் பிடித்த சின்ன மீனை, சூரை இருக்கும் இடம் போய்ச் சேரும்வரை படகில் எப்படி உயிரோடு வைப்பது?

மோட்டார் இல்லாத காலத்தில் அவர்கள் கண்ட வழியை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. படகின் நடுப்பகுதியைத் தடுப்புப் போட்டுத் தனி அறையாக்கினார்கள். அதன் அடியில் துளைகள் வைத்து, துளைகளுக்குத் தக்கைகள் செய்தார்கள். மீனை விட்டதும் தக்கையைப் பிடுங்குவார்கள். கடல்நீர் உள்ளே பீறிட்டு வரும். வந்த நீரை ஆட்கள் நின்று ஓயாமல் வெளியே இறைப்பார்கள். கீழே புதுநீர் வர, மேலே பழைய நீர் போகும். ரேஹி, ஹொண்டேலி என்று அவர்கள் அழைக்கும் அந்தச் சின்னஞ்சிறு மீன்கள் கடலுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு நீந்தும். இப்போது மனிதக் கைக்குப் பதிலாகப் பம்பு இறைக்கிறது. முறை அதேதான்.

நம் சிறிய ஃபைபர் படகிலும் வத்தையிலும் உயிர் இரை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரையைக் காப்பாற்றுவது பாத்திரம் அல்ல, ஓடும் நீர்.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். மீனுக்கோ சூட்டில் மூச்சு வேகமாகும், தேவை கூடும். ஒரு வாளியில் ஐம்பது மீனைப் போட்டு வெயிலில் வைத்தால் நடப்பது இதுதான். வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மீன் தவிக்கிறது என்றால் அது பசியால் அல்ல, மூச்சுக்காக.

சின்ன வயதில் மாமாவின் வத்தையில் போவேன். கொடுவாய் மீன் பிடிக்க உயிர் இறால் கொண்டுபோவார். கழிமுகம் போய்ச் சேரும்வரை, வாளி நீரைச் செம்பில் மொண்டு, கை உயர்த்தி, மேலிருந்து அதே வாளியில் ஊற்றிக்கொண்டே இருப்பார். கைக்கு ஒரு வேலை வேண்டுமென்று செய்கிறார் என்று நினைத்தேன். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு குமிழியாக உள்ளே போகிறது, அந்தக் காற்றில்தான் இறால் பிழைக்கிறது என்று பின்னால் புரிந்தது. மோட்டார், மின்கலம் எதுவும் இல்லாதவருக்கு இன்றும் இது போதும். பாதி வழியில் மூன்றில் ஒரு பங்கு நீரைக் கொட்டிப் புதுநீர் சேர்த்தால் இன்னும் நல்லது.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 50 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். வட்டமாக இருப்பது முக்கியம். மூலை உள்ள பெட்டியில் சாளை, நெத்திலி போன்ற கூட்ட மீன்கள் மூலையில் போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிச் செதில் உதிர்ந்து சாகும். வட்டத்தில் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். டிரம்மின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு கட்டி, ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். படகில் தேங்கும் நீரை வெளியேற்றப் பயன்படும் 12 வோல்ட் பம்பு ஒன்றைக் கடலில் தொங்கவிட்டு டிரம்முக்குள் நீர் பாய்ச்சினால், மாலத்தீவுப் படகு உங்கள் படகுக்குள் வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பம்பை உள்ளே எடுத்துவிட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் பேட்டரி ஏரேட்டரைப் போடலாம். டிரம்முக்கு மூடி வேண்டும். நிழலுக்கு, மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க, நீர் அலம்பாமலிருக்க.

துளையிட்ட வாளியைக் கயிற்றில் கட்டிப் படகோரம் தொங்கவிடுவது பழைய வழி. நங்கூரமிட்டு நிற்கும்போது அதைவிடச் சிறந்தது இல்லை. ஓடும் படகில் அதை இழுத்துப் போகாதீர்கள். நீரின் வேகத்தில் மீன் வாளிச் சுவரில் அப்பிக்கொண்டு செத்துவிடும்.

இறாலுக்கு வேறு வசதி உண்டு. செவுள் ஈரமாகவும் உடல் குளிர்ச்சியாகவும் இருந்தால் நீருக்கு வெளியேயும் சில மணி நேரம் தாங்கும். கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சூடு தணிக்க, உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு அருகே வைக்கலாம். டிரம்முக்குள்ளும் அப்படியே. ஐஸ் கட்டியை நேராக நீரில் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும்.

துறைமுகத்துக்குள் டிரம்மை நிரப்பவும் வேண்டாம். டீசல் படலம் மிதக்கும் நீர் அது. வெளியே வந்து, தெளிந்த நீரில் நிரப்புங்கள். மீனை உலர்ந்த கையால் தொடாதீர்கள். செத்த மீனை உடனே எடுத்தெறியுங்கள். எல்லாவற்றையும்விட, குறைவாக வையுங்கள். நான் பார்த்தவரை இரை சாவதற்கு முதல் காரணம் ஆசைதான். நூறு மீனைத் திணித்துத் தொண்ணூறைச் சாகவிடுவதைவிட முப்பது மீனைத் துடிப்போடு கொண்டுபோவது மேல்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மாலத்தீவுப் படகில் துளை இருக்கிறதே என்று உங்கள் ஃபைபர் படகின் அடியில் துளை போட்டுவிடாதீர்கள். அந்தப் படகுகள் கட்டும்போதே அதற்கென்று தடுப்போடு கட்டப்பட்டவை. உங்களுடையது அப்படி இல்லை. 50 லிட்டர் நீர் என்பது 50 கிலோவுக்கு மேல் எடை. அதை அணியத்தில் வைத்தால் படகு மூக்கைக் குத்தும். நடுவில், தாழ்வாக வைத்து, கயிறு போட்டுக் கட்டுங்கள். அரை டிரம் நீர் ஆபத்தானது. படகு சாயும்போது அதுவும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். நிரம்பிய டிரம் அந்த அளவுக்கு ஆட்டாது.

மாலையில் கரை திரும்பும்போது டிரம்மில் மிஞ்சிய மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தால், அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.