தளர்நடைப் பருவம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் இலக்கியம் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் பணித்தார். இலக்கியம் பற்றியே பேசுவேன். ஆயினும், பேசுபொருளை எனக்கு எடுத்துக் கொடுத்தவள் என் பேத்தி. முன்வரிசை நாற்காலிகளுக்கு இடையே புகுந்து ஓடிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். சிவாஜிநகரில் எங்கள் சிறிய வீட்டில் சென்ற ஆண்டு ஒரு வினா எழுந்தது. கைக்குழந்தை எந்த நாளில் நடைபழகும் பிள்ளையாகிறது? அந்த நாளை முடிவு செய்பவர் யார்?

என் மகள் வேலைக்குச் செல்பவள். குழந்தையைப் பகலில் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தாள். ஆண்டு நிறைவு கொண்டாடிய மறுவாரமே காப்பகத்தார், "ஓராண்டு முடிந்துவிட்டது, இனி இவள் நடக்கும் பிள்ளைகளின் அறைக்குப் போக வேண்டும்" என்றனர். அந்த அறையில் மடியில் வைத்து ஊட்டுவார் இல்லை. முற்பகல் உறக்கமும் இல்லை. எங்கள் குழந்தையோ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளின் கால்களுக்கு இடையே அவள் ஊர்ந்து திரிந்ததைக் கண்டு என் மகள் கண்ணீர் வடித்தாள். "நாம்தான் சரியாக வளர்க்கவில்லையோ? வேலையை விட்டுவிடட்டுமா அப்பா?" என்று கேட்டாள். அண்டை வீட்டாரும் தத்தம் பிள்ளைகள் பத்தாம் மாதத்திலேயே ஓடிய கதைகளைச் சொல்லி எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தனர்.

விடை கூற வகையறியாமல் அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினேன். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துக் கூறுகிறது. அவற்றுள் மக்களுக்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே என்றும் வரையறுக்கிறது. ஆனால் எத்தனை மாதம் வரை குழவி என்று அது கணக்குச் சொல்லவில்லை.

கணக்குச் சொன்னவர்கள் பிற்காலப் பாட்டியல் நூலார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்கும் அவர்கள் திங்கள் வகுத்தனர். காப்பு முதலாவது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. அது ஐந்தாம் திங்களை ஒட்டியது. பின் தால், சப்பாணி, முத்தம். முதலாண்டு நிறையும் காலத்தை ஒட்டி வருவது வருகைப் பருவம். அம்புலி வரை உள்ள ஏழும் இருபாற்கும் பொது. ஆனால் இந்தத் திங்கள் கணக்கு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. இலக்கணம் வகுத்தவர்களே ஒரே நாளில் உடன்படவில்லை.

இதற்கு முற்பட்ட பெரியாழ்வாரைப் பாருங்கள். கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடிய அவர், தளர்நடைக்கென்றே தனிப் பதிகம் அமைத்தார். அவர் பாடிய முறையில் அம்புலி முன்னே வருகிறது. செங்கீரையும் சப்பாணியும் அதன் பின்னே வருகின்றன. பிள்ளைத்தமிழிலோ அம்புலி வருகைக்குப் பின்னே தள்ளி நிற்கிறது. வரிசையும் ஒன்றாக இல்லை என்பது இதனால் விளங்கும். குழந்தைகளும் அப்படித்தானே!

என் உள்ளத்தைத் தொட்டது 'வருகை' என்னும் பெயரே. அதை 'நடத்தல்' என்று சொல்லாமல் 'வருகை' என்றனர். தாய் சற்றுத் தொலைவில் அமர்ந்து கை நீட்டி, "வருக" என்று அழைக்கிறாள், குழந்தை வருகிறது. அழைப்பது தாயின் பணி. வருவது குழந்தையின் செயல். தோளைப் பற்றி இழுத்து வருவதற்கு நம் இலக்கியத்தில் பருவம் ஏதும் இல்லை.

பழம்பெருமை பேசுகிறான் கிழவன் என்று இளைஞர்கள் நினைக்கலாம். எனவே, இக்கால அறிவையும் கேளுங்கள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி நடக்கத் தொடங்கும் கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கும் மற்றொரு பிள்ளைக்கும் இடையே ஒன்பது மாத வேறுபாடு இருந்தாலும் இருவரும் நலமுள்ளவர்களே. நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடையை எட்டினர். ஆகவே, ஓராண்டு நிறைவு என்பது நாட்காட்டியின் விழா. காலின் விழா அன்று.

அவசரப்பட்டு நாங்களும் ஒரு பிழை செய்தோம். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் சக்கர வண்டி ஒன்றை வாங்கினோம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியில் உருண்டு விபத்தும் விளைவிக்கும். கனடா நாடு அதன் விற்பனையை 2004-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. நம் பாட்டிமார் தந்த மூன்று சக்கர மர நடைவண்டியோ வேறு வகை. அதில் பிள்ளை தானே எழுந்து, தானே நின்று, தானே தள்ளவேண்டும். இங்கும் இழுப்பதற்கும் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம்.

இனி ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஊர் நடப்பதற்கு எல்லைக்கோடுகள் வேண்டும். 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பாலூட்டும் இடைவேளையைக் குழந்தையின் பதினைந்தாம் மாதம் வரை வகுத்தது. தட்டம்மைக்கான இரண்டாம் தடுப்பூசிக்கு 16 முதல் 24 மாதம் என்று கால எல்லை உண்டு. இவற்றை நாள் தவறாமல் போற்ற வேண்டும். இவை குழந்தையைக் காக்கும் வேலிகள். வேலியையே அளவுகோலாக எடுத்துக் குழந்தையை அளப்பதுதான் தவறு.

பொறுமையும் கண்மூடித்தனம் ஆகிவிடக் கூடாது. பதினெட்டு மாதம் கடந்தும் பிள்ளை தனியே நடக்கவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு செய்துவந்த ஒன்றை எந்த வயதிலேனும் இழந்துவிட்டால் ஒரு நாளும் காத்திராதீர்கள். "தானாய்ச் சரியாகும்" என்று சொல்லிக் காலம் கடத்துவதும் அன்பு ஆகாது.

இவ்வூரில் வாழும் நமக்கு மற்றோர் அச்சமும் உண்டு. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம், தெருவில் உருது. "இத்தனை மொழி காதில் விழுந்தால் பிள்ளை பேசத் தாமதமாகும், தமிழை விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை கூறுவார் உளர். பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. பேச்சு மிகத் தாழ்ந்தால் செவியைச் சோதியுங்கள். தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

என் மகளின் கதையை முடித்துவிடுகிறேன். காப்பகத்தாரிடம் சென்று பணிவோடு, ஆனால் உறுதியோடு, "எங்கள் பிள்ளை நடக்கும் வரை மடியுள்ள அறையிலேயே இருக்கட்டும்" என்று வேண்டினோம். சில நாள் இழுபறிக்குப் பின் இசைந்தனர். வேலையை விடும் பேச்சும் அத்துடன் நின்றது. சக்கர வண்டி பரண் ஏறியது. பதினைந்தாம் மாதத்தில் ஒரு மாலை, என் மகள் வேலை முடிந்து வாயிலில் நின்று செருப்பைக் கழற்றியபடி குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தாள். சுவரைப் பிடித்து நின்றிருந்தவள் கையை விட்டாள். ஓரடி, ஈரடி, மூன்றாம் அடியில் தள்ளாடி அமர்ந்தாள், மீண்டும் எழுந்தாள். வாயிற்படியை எட்டித் தாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அன்று என்ன தேதி என்று எங்கள் வீட்டில் எவரும் குறித்து வைக்கவில்லை. அந்த நாளை முடிவு செய்தவள் அவளே.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும், அடுத்த இல்லத்திலும், நீங்கள் நடத்தும் காப்பகத்திலும் குழந்தைகள் இருப்பார்கள். வாயிலில் நின்று அழையுங்கள். வரும் வரை கை நீட்டியே இருங்கள். காத்திருக்கும் தாயைக் குறை கூறாதீர்கள்.