உடுத்தியவருக்கே சொந்தம்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'ஒரு துணி பெரிதும் யாருக்குச் சொந்தம்? உருவாக்கியவருக்கா, உடுத்தியவருக்கா?' - 'உடுத்தியவருக்கே' என்ற அணியில் ஆற்றிய உரை)

   

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ஒரு பட்டியல் போட்டாங்க. காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, சின்னாளப்பட்டிச் சேலை. "பாருங்க நடுவர் அவர்களே, துணிக்கெல்லாம் நெய்த ஊர் பேருதான் இருக்கு. கட்டினவங்க பேரு எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. நானே தட்டினேன். (சிரிப்பு)

ஆனா ஐயா, நம்ம ஊருக்குள்ளேயே சுத்திக்கிட்டிருந்தா இந்த வழக்கு தீராது. இங்கே நெய்கிறவரும் நம்ம ஆள், உடுத்துகிறவரும் நம்ம ஆள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி, எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சொத்து வீட்டுக்குள்ளேதான் இருக்கும். உருவாக்குகிறவர் ஒரு கண்டம், உடுத்துகிறவர் இன்னொரு கண்டம் என்று இருக்கிற ஒரு துணியை எடுத்துப் பார்த்தாத்தான் உண்மை விளங்கும். அதனாலே உங்களையெல்லாம் ஒரு பத்து நிமிஷம் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். டிக்கெட் வேண்டாம், ஊசி போட வேண்டாம், நடுவர் மணி அடிக்காம இருந்தாப் போதும். (சிரிப்பு)

தொலைக்காட்சியிலே பார்த்திருப்பீங்க. கானா, நைஜீரியா, டோகோ நாட்டுப் பெண்கள் உடுத்துகிற துணி. மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள், நீலம்னா அப்படி ஒரு நீலம். பெரிய பெரிய பூ, பறவை, வட்டம், கண். பத்தடி தூரத்திலே வந்தாலே 'இது ஆப்பிரிக்கா' என்று சொல்லிடலாம். நைஜீரியாவிலே இதை 'அங்காரா' என்பாங்க. பொதுவா 'வேக்ஸ் பிரிண்ட்', மெழுகு அச்சுத் துணி என்று பேரு.

இப்போ ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தத் துணி பிறந்தது எங்கே? ஆப்பிரிக்காவிலா? இல்லை ஐயா! ஹாலந்திலே!

கதை என்னன்னா, இந்தோனேசியாவிலே ஜாவாத் தீவுப் பெண்கள் மெழுகால கோலம் போட்டு, சாயத்திலே முக்கி, 'பாத்திக்' துணி செய்தாங்க. மெழுகு இருக்கிற இடத்திலே சாயம் பிடிக்காது. கையாலே செய்கிற வேலை. ஒரு துணிக்கு வாரக்கணக்கிலே ஆகும். அந்த நாட்டை ஆண்டுகொண்டிருந்த டச்சுக்காரன் பார்த்தான். 'இவங்க கையாலே செய்கிறதை நாம மெஷினிலே அடிச்சு இவங்ககிட்டேயே வித்தா என்ன?' என்று கணக்குப் போட்டான். ஹாலந்திலே ஹெல்மண்ட் என்ற ஊரிலே 1846இல் தொடங்கிய விலிஸ்கோ கம்பெனி இன்னைக்கும் இந்தத் துணிக்குப் பேர் போனது. மெழுகுக்குப் பதிலாப் பிசினை உருளையிலே தடவி, துணியோட ரெண்டு பக்கமும் அச்சடிச்சு, நீலச் சாயத்திலே முக்கினாங்க.

அதிலே ஒரு சங்கடம். பிசின் காய்ந்தா வெடிக்கும். வெடிச்ச இடத்திலே சாயம் நரம்பு நரம்பாய் ஓடிடும். ஜாவாக்காரங்க அதைப் பார்த்தாங்க. 'என்னப்பா இது, துணி முழுக்கக் கீறல்!' என்று முகத்தைச் சுளிச்சாங்க. பண்டம் தேங்கிப்போச்சு.

அதே பண்டம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலே மேற்கு ஆப்பிரிக்காவிலே, இன்றைய கானாவின் கடற்கரையிலே போய் இறங்குது. ப்ரௌன் ஃப்ளெமிங் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி கொண்டுபோய் விற்கிறார். அங்கே பெண்கள் கையிலே எடுத்துப் பார்த்தாங்க. அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தாங்க. 'ஒரு கெஜம் மாதிரி இன்னொரு கெஜம் இல்லையே! இதுதானே அழகு!' என்றாங்க. எந்தக் கீறலை ஜாவா குறை என்று தள்ளியதோ, அதே கீறலை ஆப்பிரிக்கா அழகு என்று அள்ளியது. அதுக்கப்புறம் ஆப்பிரிக்கப் பெண்கள் எந்த நிறம் கேட்டாங்களோ, எந்தப் பூ கேட்டாங்களோ, அதை அடிக்கிறதுதான் டச்சுக்காரன் பிழைப்பு. நடுவர் அவர்களே, உருவாக்கினவன் முதலாளி. ஆனா உத்தரவு போட்டது யாரு? உடுத்தினவ! (கைதட்டல்)

அடுத்தது பேரு. பேரு வைக்கிறது யாரோட உரிமை? பெத்தவங்க உரிமை. கம்பெனிக்காரன் தன் துணிக்கு என்ன பேரு வச்சான் தெரியுமா? ஒரு எண். பள்ளிக்கூடத்திலே ரோல் நம்பர் மாதிரி. பேரு வைத்தது சந்தையிலே துணி வித்த பெண்கள், வாங்கின பெண்கள்.

என்னென்ன பேரு கேளுங்க. ஒரு துணிக்கு 'என் புருஷன் கெட்டிக்காரர்'. அதைக் கட்டிக்கிட்டுத் தெருவிலே போனா, வாங்கிக் கொடுத்தவர் பெருமை ஊருக்கே தெரியும். (சிரிப்பு) இன்னொரு துணியிலே கூண்டைவிட்டுப் பறவை பறக்கிற படம். அதுக்குப் பேரு 'நீ வெளியே போனா நானும் வெளியே போவேன்'. ராத்திரி வீட்டுக்கு லேட்டா வர்ற ஐயாவுக்கு அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். காலையிலே அந்தத் துணியைக் கட்டிக்கிட்டுக் காப்பி கொடுத்தாப் போதும்! (பலத்த சிரிப்பு) இன்னொண்ணுக்குப் பேரு 'என் சக்களத்தியின் கண்'. அதை நான் விளக்கப் போறதில்லை; வீட்டுக்குத் திரும்பிப் போகணும். (சிரிப்பு)

கானாவிலே ஒரு துணி. அதன் பேருக்குப் பொருள், 'நல்ல பாசிமணி சத்தம் போடாது'. நம்ம ஊரிலே என்ன சொல்றோம்? நிறைகுடம் தளும்பாது! சொன்னது அக்கான் மொழி, அச்சடிச்சது ஐரோப்பிய மெஷின். அந்த மெஷினுக்குத் தெரியுமா ஐயா அந்தப் பழமொழி? ஆறு கெஜத் துணியைப் பேச வச்சது அந்தத் தாய்மார்கள்!

அந்தப் பெண்களிலே சிலர் டோகோ நாட்டு லோமே நகரத்துச் சந்தையிலே துணி வித்தே கோடீஸ்வரிகள் ஆனாங்க. மெர்சிடிஸ் பென்ஸ் காரிலே போனதாலே ஊரே அவங்களை 'நானா பென்ஸ்' என்று கூப்பிட்டது. எந்த அச்சு ஓடும், எந்த அச்சு ஓடாது என்று ஹாலந்துக் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தது அவங்கதான்.

இனி எதிரணி நண்பர்கள் கேட்கப்போகிற கேள்வியை நானே கேட்டுக்கிறேன். அதுதான் நேர்மை. 'ஐயா, பேரு வச்சாங்க சரி, பழமொழி சொன்னாங்க சரி. பணம் எங்கே போச்சு?'

நியாயமான கேள்வி. பேரு ஆப்பிரிக்காவிலே, லாபம் ஹாலந்திலே! 1994 ஜனவரியிலே மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஃபிராங்க் நாணயத்தின் மதிப்பைப் பாதியாக் குறைச்சாங்க. ஒரே நாளிலே இறக்குமதித் துணி ரெண்டு மடங்கு விலை. நானா பென்ஸ் வியாபாரம் ஆட்டம் கண்டது. பின்னாலேயே சீனாவிலிருந்து அதே பூ, அதே பறவை, மலிவு விலையிலே வந்து இறங்கியது. நைஜீரியாவிலே கடூனா நகரத்து மில்கள் ஒண்ணொண்ணா மூடப்பட்டன. மில் வாசல்லே நின்ன குடும்பங்களிடம் போய் 'துணி உங்களுக்குத்தான் சொந்தம்' என்று நான் சொன்னா, என்னை என்ன கேட்பாங்க? 'சொந்தமா? சோறு எங்கேய்யா?' என்பாங்க.

அது மட்டுமில்லை. கேமரூனைச் சேர்ந்த இமானே அயிசி என்ற ஆடை வடிவமைப்பாளர். 2020 ஜனவரியிலே பாரிஸின் 'ஓட் கூட்யூர்' ஆடை விழாவின் அதிகாரபூர்வப் பட்டியலிலே இடம் பிடிச்சவர். சஹாராவுக்குத் தெற்கே இருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஆள். அவர் இந்த மெழுகு அச்சைத் தொட மாட்டார். 'இது காலனி ஆட்சி கொண்டுவந்த துணி. எங்க துணி கானாவின் கெண்ட்டே, எங்க ஊர் மரப்பட்டைத் துணி, ராஃபியா நார்' என்பது அவர் கட்சி. எதிரணியிலே உட்கார வேண்டியவர். நல்ல வேளை, தமிழ் தெரியாது! (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, இங்கேதான் கவனிக்கணும். வெளியே போன பணத்தை உள்ளே கொண்டுவர வழி என்ன? படுத்த தறியை எழுப்புகிறது யாரு? சட்டமா? கம்பெனியா? உடுத்துகிறவர் மனசு வச்சாத்தான் ஐயா தறி ஓடும்!

புர்கினா ஃபாசோவிலே 1983இலிருந்து 1987 வரை ஆட்சி நடத்திய தாமஸ் சங்காரா, அரசு ஊழியர்களைச் சொந்த நாட்டுப் பருத்தியிலே கையாலே நெய்த 'ஃபாசோ தான் ஃபானி' துணியை உடுத்தச் சொன்னார். தானும் உடுத்தினார். கானாவிலே 2004இல் அரசாங்கம் ஒரு வேண்டுகோள் விட்டது: வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு உள்நாட்டுத் துணியிலே வாங்க. கோட்டும் டையுமா வேர்த்துக்கிட்டு இருந்த ஆட்கள் பூப்போட்ட சட்டையிலே வர ஆரம்பிச்சாங்க.

வடிவமைப்பாளர்களைப் பாருங்க. நைஜீரியாவிலே ஷாடே தாமஸ் ஃபாம் என்ற அம்மா. லண்டனிலே படிச்சுட்டு, நாடு விடுதலையான 1960இல் லாகோஸ் திரும்பிக் கடை போட்டாங்க. வெள்ளைக்காரி கவுன்தான் நாகரிகம் என்று இருந்த காலம். அந்த அம்மா உள்ளூர்த் தறித் துணியைக் கையிலே எடுத்தாங்க. இடுப்பிலே சுற்றிக் கட்டுகிற துணிக்கு ஜிப் வச்சாங்க. தலையிலே கட்டுகிற முண்டாசைக் கட்டி முடிச்ச நிலையிலேயே வித்தாங்க. எடுத்தோம், வச்சோம், பஸ்சைப் பிடிச்சோம்! பாட்டி துணி பேத்திக்குப் பிடிச்சுப்போச்சு.

அதே நைஜீரியாவிலே லிசா ஃபோலாவியோ. 2005இல் தொடங்கினாங்க. சந்தையிலே விற்கிற சாதாரண அங்காராவை எடுத்து, அதன் பூவையும் கோட்டையும் ஒட்டியே கையாலே மணியும் ஜிகினாவும் தைக்க வச்சாங்க. அச்சடிச்ச கூலி எங்கேயோ போகட்டும். அதுக்கு மேலே ஏறுகிற கைவேலைக் கூலி லாகோஸ் பெண்களுக்கு!

2019 ஏப்ரல் கடைசியிலே பாரிஸின் டியோர் கம்பெனி மொராக்கோவிலே, மராகேஷ் நகரத்திலே ஒரு ஆடை விழா நடத்தியது. அதுக்கு மெழுகு அச்சுத் துணி எங்கிருந்து போச்சு? ஐவரி கோஸ்ட்டிலே அபிஜான் நகரத்து யூனிவாக்ஸ் ஆலையிலிருந்து. அது விலிஸ்கோ குழுமத்து ஆலைதான், மறைக்கலை. ஆனா அச்சடிச்ச கை அபிஜான் கை. அந்த விழாவிலே மண்டேலாவை நினைத்து ஒரு சட்டை. அதைத் தைச்சவர் பாத்தேயோ. புர்கினாவிலே பிறந்து அபிஜானிலே தையல் கடை வச்சு முன்னேறியவர். மண்டேலா உடுத்திய சட்டைகளிலே சிலவற்றைத் தைத்தவர். ஒரு மனுஷன் ஆசையா உடுத்தினார், ஒரு தையல்காரர் உலகத்துக்குத் தெரிஞ்சார். உடுத்தியவர் கொடுத்த வாழ்வு!

கடைசியா ஒண்ணு. இது நம்ம ஊர்ச் சமாச்சாரம். எதிரணி அம்மையார் ஊர்ப் பேரு கேட்டாங்களே, இந்தாங்க ஊர்ப் பேரு: மெட்ராஸ்!

'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று ஒரு கைத்தறித் துணி. பேருதான் கைக்குட்டை, உண்மையிலே இடுப்பிலே கட்டுகிற கட்டம் போட்ட துணி. நம்ம சென்னை வட்டாரத்திலும் ஆந்திரத்துச் சீராலாப் பக்கத்திலும் நெசவாளர்கள் நெய்து, தலைமுறை தலைமுறையா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன துணி. நைஜீரியாவிலே நைஜர் ஆற்றுக் கழிமுகத்திலே கலபாரி என்று ஒரு மக்கள். அவங்க அதுக்கு 'இஞ்சிரி' என்று பேரு வச்சாங்க.

வாங்கி என்ன செய்தாங்க தெரியுமா? ஒரு சின்னக் கத்தியை எடுத்து, நூலை எண்ணி எண்ணி அறுத்து உருவினாங்க. நெய்தவர் பார்த்திருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும்! ஆனா முடிச்சுப் பார்த்தா, நம்ம கட்டத்துக்குள்ளே அவங்க கோலம். வலை மாதிரி மெல்லிசா, வெளிச்சம் ஊடுருவுகிற புதுத் துணி. அதுக்குப் பேரு 'பெலெடெ பிடெ', அறுத்த நூல் துணி. பெட்டியிலே பூட்டி வச்சு, தாய் மகளுக்குக் கொடுப்பாங்க. பெரியவங்க இறந்தா அந்தத் துணிகளாலேதான் சடங்கு அறையை அலங்கரிப்பாங்க. அதைக் கட்டி வந்தா, 'இவ கலபாரிக் குடும்பத்துப் பொண்ணு' என்று பார்த்தவுடனே சொல்லிடலாம்.

நம்ம நெசவாளி ஒரு நூல் விடாம நெய்தான். அந்தக் கையைக் கும்பிடுறேன். அவனுக்குக் கூலி குறையக் கூடாது, அவன் பேரு மறையக் கூடாது. ஆனா ஐயா, கடல் தாண்டி ஒரு தாய் அந்த நூலை அறுத்தாளே, அதை மகளுக்குச் சீதனமாக் கொடுத்தாளே, செத்த வீட்டிலே பெரியவருக்கு மரியாதையா விரிச்சாளே, அவகிட்டே போய் 'அம்மா, இது மெட்ராஸ் துணி, உனக்குச் சொந்தமில்லை' என்று சொல்ல நம்மிலே யாருக்காவது வாய் வருமா?

எனக்கு வராது. நடுவர் அவர்களுக்கும் வராது என்று நம்புகிறேன். ஆகவே, துணி பெரிதும் உடுத்தியவருக்கே சொந்தம் என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)