பல்லுக்குத் தெரியாத துகள்



சோற்றில் கல் கிடந்தால் பல் சொல்லிவிடும். பல்லுக்கும் தெரியாத ஒரு துகளைப் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், கிடைத்த இறைச்சியை ஏழைகளுக்குத் தானமாகக் கொடுப்பதுண்டு. 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், அப்படி வந்த கொத்திறைச்சியை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். உள்ளே காரீயத் துகள்கள்! அந்த இறைச்சியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மாநில சுகாதாரத் துறை சொன்னது.

எப்படி வந்தது? காரீயம் மென்மையான உலோகம். எலும்பில் மோதியதும் காரீயத் துப்பாக்கிக் குண்டு சிதறுகிறது. கண்ணாடி டம்ளர் உடைந்தால், சில்லு எங்கோ ஒரு மூலையிலும் கிடக்கும் அல்லவா? அதுபோலத்தான். காயம்பட்ட இடத்தை வெட்டி எறிந்தாலும், தள்ளிப் போன துகள் தங்கிவிடும். வேகவைத்தாலும் போகாது. பல்லுக்கும் தெரியாது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கருவில் இருக்கும் சிசுவையும் விடாது.

வழி இருக்கிறது. செம்புக் குண்டு இப்படிச் சிதறுவதில்லை. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டே கூடாது.

பசித்தவருக்குக் கொடுப்பது நல்லது. நஞ்சில்லாமல் கொடுப்போம். பல்லுக்குத் தெரியாததை நாம் தெரிந்துவைத்திருப்போம்.