கொல்லப்பட்ட சாமிகள்

தோழர்களே, கடவுள் உண்டா இல்லையான்னு நான் பேச வரல. யாருடைய கடவுள் என்பதுதான் என் கேள்வி.

எங்க ஆத்தா தினம் கும்பிடுறது மதுரை வீரனை. கதைப்படி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். ரெண்டு பேருமே சாதி மீறிக் காதலித்தவர்கள். ஆத்தாவுக்குப் பூசாரி கிடையாது, மந்திரம் கிடையாது. வேலைக்குப் போகுமுன் சூடம் கொளுத்தி, "பாத்துக்கடா"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவளுக்கு சாமி, அநியாயமாச் செத்த சொந்தக்காரன்.

ஊர்க்கோயில் சாமியோ கதவுக்குள் இருக்கிறது. ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். விழுப்புரம் மேல்பாதியில் தலித்துகளை உள்ளே விட மறுத்த தகராறில், 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். திறக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மனுசன் நுழைஞ்சா தீட்டாகும் சாமி, சாதிக்குக் காவல்காரன்.

அம்பேத்கர் 1930-இல் நாசிக் காலாராம் கோயில் முன் போராட்டம் தொடங்கினார்; 1956-இல் பௌத்தம் ஏற்றார். நுழையும் உரிமையும் வெளியேறும் உரிமையும் நமக்கு வேணும்.

ஆத்தாவின் சூடத்தை நான் அணைக்க மாட்டேன். அந்த வெளிச்சத்தில் ஒன்று கேட்பேன்: இவனைக் கொன்னது யாரு? நம் வழிபாடு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.